இரத்தினம்மாவின் சுறா எண்ணெய்

இரத்தினம்மா போன மாதம் நெருப்புக்காய்ச்சலில் செத்துப்போனாள். அவளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி குறைந்தவள் சுன்னாகத்துக்கு இந்தப் பக்கம் எவளும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். மற்றவர்கள் எழுதினால் நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நான் அவளைப் பதினொரு வருடம் கவனித்தவள். அவள் எத்தனை மணிக்கு வந்தாள், எந்தப் பிள்ளையின் தலையைத் தடவினாள், அந்தப் பிள்ளை என்ன சொல்லிச் சிரித்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பிரியம் உள்ளவர்கள் ஒருவரை அவ்வளவு கூர்ந்து பார்ப்பதில்லை. பொறாமைப்பட்ட நான் பார்த்திருக்கிறேன்.

என்னைவிட ஆறு வயது மூத்தவள். 'அவர்' என்றுதான் எழுதவேண்டும். ஆனால் மனதுக்குள் ஒருநாளும் நான் அவளை அப்படிச் சொன்னதில்லை. செத்த பிறகு மாற்றினால் அது நடிப்பு.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழு தை மாதம் எங்கள் சைவப் பள்ளிக்கூடத்துக்குத் தையல் படிப்பிக்க வந்தாள். கணவர் மலாயாவில் ரெயில்வேயில் கிளாக்கராக இருந்து அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனவர். பிள்ளைகள் இல்லை. தம்பி வீட்டோடு ஒட்டிய ஓர் அறையும் ஒரு தையல் மெசினும் எட்டாம் வகுப்புப் படிப்பும்தான் அவளுக்கு இருந்தவை. நானோ பயிற்சி பெற்ற ஆசிரியை. இரண்டு வருடம் விடுதியில் கிடந்து படித்துப் பத்திரம் எடுத்தவள். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடங்களைச் சோதிக்க வருகிற வித்தியாதரிசி ஒவ்வொரு வருடமும் 'நன்று' என்று எழுதிவிட்டுப் போவார். அந்த 'நன்று' எத்தனை குட்டில் வந்தது என்று அவர் கேட்டதில்லை.

தையல் படிப்பிக்க வந்தவள் தையலோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. வந்த இரண்டாம் கிழமை ஒரு பெண்பிள்ளை ஊசி பிடிக்க முடியாமல் அழுதிருக்கிறாள். பார்த்தால் விரல் இடுக்கெல்லாம் சிரங்கு. இரத்தினம்மா துணியை மடித்து வைத்துவிட்டு, வேப்பிலை போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்து, அந்தக் கையைக் கழுவி மருந்து பூசி அனுப்பினாள். அடுத்த நாள் அந்தப் பிள்ளை தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தது. அதன் பிறகு பேன் பார்ப்பது, நகம் வெட்டுவது, கண் இமையை மடித்துப் பார்ப்பது என்று பள்ளிக்கூட மணி அடிக்க முன்னமே தையல் அறை வாசலில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் நிற்கத் தொடங்கினார்கள். ஊசியில் நூல் கோக்கும்போது கை நடுங்கினால் அந்தப் பிள்ளை காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தம்பி வீட்டிலிருந்து ஒரு சட்டி குரக்கன் கஞ்சி கொண்டுவந்து வைத்திருப்பாள். குடிக்க வைத்துத்தான் என் வகுப்புக்கு அனுப்புவாள்.

அதே பிள்ளைக்குத்தான் நான் முதல்நாள் வாய்ப்பாடு சொல்லத் தெரியவில்லை என்று குட்டியிருப்பேன். பசி என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என்னைப் பிள்ளைகள் 'ரீச்சர்' என்பார்கள். அவளை 'ரீச்சரம்மா' என்றார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தாங்களாகவே அப்படிக் கூப்பிட்டார்கள்.

இதையெல்லாம்கூட நான் விழுங்கியிருப்பேன். என் மகள் அவளிடம் ஓடியதை விழுங்க முடியவில்லை. குணலட்சுமி என் ஒரே பிள்ளை. என் கணவர் கொழும்பில் உத்தியோகம். நல்லூர்க் கொடியேற்றத்துக்கும் தீபாவளிக்கும் ரெயிலில் வந்து போவார். வீட்டில் நானும் அவளும்தான். பள்ளிக்கூடத்தில் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று நான்தான் சட்டம் போட்டேன். ரீச்சர் தன் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு குட்டு என்றால் அவளுக்கு இரண்டு. இடைவேளைக்கு மணி அடித்ததும் அவள் தையல் அறைக்கு ஓடுவாள். அங்கே இரத்தினம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு பேன் பார்க்கச் சொல்லிக் கிடப்பாள். என் பிள்ளையின் தலையில் பேன் இல்லை. ஒவ்வொரு பின்னேரமும் நானே இழுத்து வாரிப் பின்னிவிடுகிற தலை. சத்தியமாக ஒரு பேன்கூட இல்லை.

நாற்பத்துமூன்றாம் ஆண்டு ஆனி மாதம் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற டாக்குத்தர் ஒருவர் வந்தார். யுத்தக் காலம். அரிசி கூப்பனுக்குத்தான். பிள்ளைகள் பலருக்குத் தோல் சொரசொரவென்று இருந்தது. சிலருக்கு மாலைக்கண், அந்திபட்டால் கண் தெரியாது. டாக்குத்தர் எல்லோரையும் வரிசையில் விட்டுப் பார்த்தார். சத்துக் குறைந்த பிள்ளைகள்தான், ஆனால் சிரங்கும் பேனும் இல்லாமல் இவ்வளவு துப்புரவாக இருக்கிறார்களே, யார் இவர்களைப் பார்ப்பது என்று கேட்டார். பிள்ளைகளின் கைகள் எல்லாம் தையல் அறைப் பக்கம் நீண்டன. அதில் ஒன்று குணலட்சுமியின் கை.

அடுத்த கிழமை அவர் ஒரு பெட்டி நிறையப் போத்தல்கள் அனுப்பினார். சுறா ஈரலில் எடுத்த எண்ணெய். நாளொன்றுக்கு ஒரு கரண்டி, இரத்தினம்மாவின் கையால் கொடுக்கவேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தார்.

எங்கள் ஊரில் மீன் சாப்பிடுகிறவர்களும் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டார்கள். மச்சம் காய்ச்சுகிற சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. என் வீட்டில் மச்சச் சட்டியே கிடையாது. சைவப் பள்ளிக்கூடத்துக்குள் சுறா எண்ணெயா என்று மனேச்சர் பொன்னம்பலத்தார் முதலில் துள்ளினார். பள்ளிக்கூடத்தைத் தொடக்கி நடத்துகிற குடும்பம் அவருடையது. பிறகு தலைமை வாத்தியாரான சட்டம்பியார் சமாதானம் சொல்லி ஓர் ஏற்பாடு செய்தார். எண்ணெயை வாசல் படலைக்கு வெளியே, ஒழுங்கைத் தெருவில், பூவரச நிழலில் வைத்துக் கொடுப்பது. குடித்த பிள்ளை அங்கேயே வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வெள்ளிக்கிழமை கொடுக்கக் கூடாது. தாய் தகப்பன் சம்மதம் எழுதித் தந்த பிள்ளைக்கு மட்டும்தான்.

நாற்பது பிள்ளைகளின் வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. நான் 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தேன். சைவம் ஒரு காரணம். என் பிள்ளையும் அந்த ஒழுங்கையில் வாயைத் திறந்துகொண்டு அவளுக்கு முன்னால் நிற்கவேண்டுமா என்பது மற்றக் காரணம். எது பெரிது என்று அப்போது கேட்டால் சைவம் என்றிருப்பேன்.

ஆவணியில் குணலட்சுமிக்குச் சின்னமுத்து அம்மை கண்டது. அது மாறி வயிற்றோட்டம் பிடித்தது. நான் பத்தியம் வைத்தேன். இலை வகை இல்லை, பழம் இல்லை, நெய் இல்லை, பால் இல்லை. வடித்த கஞ்சியும் சுட்ட அப்பளமும். ஒரு மாதம் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல தாய் என்று காட்ட நான் மூன்று மாதம் வைத்தேன். பிள்ளை மெலிந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் இருந்த இடத்தை விட்டு அசையமாட்டாள். அடுப்படிக்குப் போகச் சொன்னால், "அம்மா, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்பாள். எட்டு வயதில் என்ன செல்லம் என்று ஏசுவேன்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்தவள் தண்ணீர் கேட்டு என் தோளில் சாய்ந்தாள். மீன் நாற்றம் அடித்தது.

"வாயைத் திற" என்றேன். திறந்தாள்.

"ஆர் தந்தது?"

"இரத்தினம்மா ரீச்சர்."

"எத்தினை நாளா?"

"போன கிழமை புதன்கிழமை தொடக்கம்."

"என்னட்டைக் கேக்காமல் எப்பிடி அவ தருவா?"

"உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு நான்தான் கேட்டனான்."

"ஏன்?"

"நீங்கள் ஏசுவியள்."

ஒரு தாய் இந்த இடத்தில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உனக்கு ஏன் அந்த எண்ணெய் தேவைப்பட்டது என்று கேட்கவேண்டும். நான் கேட்கவில்லை. என் பிள்ளை எனக்குத் தெரியாமல் அவளோடு ஓர் இரகசியம் வைத்திருக்கிறாள் என்ற ஒன்றுதான் என் காதில் விழுந்தது. பிள்ளையின் வாயைச் சீயக்காய் தோய்த்த துணியால் தேய்த்தேன், அவள் அழ அழத் தேய்த்தேன்.

அடுத்த நாள் விடிய மனேச்சர் வீட்டுக்குப் போனேன். பொன்னம்பலத்தார் கோயிலால் வந்து திருநீறு உலராமல் கதிரையில் இருந்தார். தாய் தகப்பன் வேண்டாமென்ற பிள்ளைக்கும் இரத்தினம்மா ஒளித்து மச்சம் கொடுக்கிறா என்றேன். அது என் பிள்ளை என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என் பிள்ளை என்னிடம் சொல்லவில்லை என்று கேட்பார்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மருந்துதானே, செல்வநாயகி. பிள்ளைக்கு என்ன வருத்தமோ தெரியாது. நான் கூப்பிட்டுச் சொல்லிவிடுறன், நீர் போம்" என்றார்.

அவ்வளவுதானா? எனக்குப் போதவில்லை. படியில் இறங்கப் போனவள் திரும்பினேன்.

"வெள்ளிக்கிழமையிலையும் குடுக்கிறா ஐயா" என்றேன்.

அவருடைய முகம் மாறியது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் யோசித்து அந்தப் பொய்யைச் சொன்னேன் என்றில்லை. ஆனால் வாயால் வந்த பிறகு அது பொய்யென்று எனக்குத் தெரியும், அதைத் திருப்பி எடுக்கவும் நேரம் இருந்தது. நான் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை இரத்தினம்மாவையும் என்னையும் மனேச்சர் பள்ளிக்கூடக் கந்தோருக்குக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை ஒருநாளும் நான் குடுக்கேல்லை ஐயா" என்றாள் அவள்.

"செல்வநாயகி பொய் சொல்லுறாவோ? பயிற்சி எடுத்த ரீச்சர் அவ. சரி, தாய் வேண்டாமெண்ட பிள்ளைக்குக் குடுத்தனீரோ?"

"ஓம். ஒரு பிள்ளைக்குக் குடுத்தனான்."

"ஆற்றை பிள்ளை?"

அவள் என்னைப் பார்த்தாள். என் பெயர் இப்போது வரும் என்று நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதை நான் சொல்லமாட்டன். ஏன் குடுத்தனெண்டு அந்தத் தாய் வந்து கேட்டால் அவவுக்குச் சொல்லுவன்."

நான் போய்க் கேட்கவில்லை. கேட்டால் நான் கீழே, அவள் மேலே.

அன்றோடு எண்ணெய் நின்றது. ஒரு பிள்ளைக்கு மட்டுமில்லை, நாற்பது பிள்ளைகளுக்கும். போத்தல்களைப் பெட்டியில் அடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். பேன் பார்ப்பது, கஞ்சி கொடுப்பது எல்லாம் நிறுத்தி, இரத்தினம்மா தையலை மட்டும் படிப்பித்தால் போதும் என்று மனேச்சர் எழுத்தில் கொடுத்தார். காலையில் தையல் அறை வாசல் வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்த்து முதல் இரண்டு நாள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கமாட்டேன். குணலட்சுமியை அந்தப் பக்கம் போகக் கூடாது என்று தடுத்தேன். அவள் போகவில்லை. ஆனால் இடைவேளையில் என் மேசைக்கும் வரவில்லை. தன் வாங்குப் பலகையின் நுனியில் தனியே இருந்தாள்.

அந்த நாட்களில் பின்னேரங்களில் அவள் வீட்டுக்குள் நடக்கும்போது எண்ணிக்கொண்டு நடப்பாள். வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினொன்று வரை வரும். சில வேளை ஏழோடு நிற்கும். பிள்ளை தானாகவே கணக்குப் பழகுகிறாள் என்று எனக்குப் பெருமை. பக்கத்து வீட்டு நல்லம்மாவிடம் அதைச் சொல்லிக்கூடப் பெருமைப்பட்டேன்.

கார்த்திகை விளக்கீடு வந்தது. முற்றத்தைக் கூட்டிச் சாணம் தெளிப்பதற்காக உரலை இழுத்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் விட்டிருந்தேன். பொழுதுபட்டு வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. எனக்கு வேலி ஓலைகூடத் தெரிந்தது. அடுப்படியில் இருக்கிற எண்ணெய்ப் போத்தலை எடுத்துவா என்று குணலட்சுமியிடம் சொன்னேன். அவள் படியால் இறங்கி எண்ணிக்கொண்டு போனாள். ஐந்து, ஆறு என்றது கேட்டது. அடுத்ததாக அவள் விழுந்த சத்தம் கேட்டது.

ஓடிப்போய்த் தூக்கினேன். நெற்றி வெடித்து இரத்தம். கண் தெரியாதா, இவ்வளவு பெரிய உரல் கண்ணுக்குப் படவில்லையா என்று ஏசினேன்.

"அது நேற்று இங்கை இல்லையே அம்மா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, "இது எத்தினை விரல், சொல்லு" என்றேன்.

"மூண்டு" என்றாள்.

நான் கையைத் தூக்கவே இல்லை.

பதினொரு அடி என்பது வாசலிலிருந்து அடுப்படிக்கு. ஏழு அடி அவளுடைய பாயிலிருந்து வாசலுக்கு. நான் படிப்பித்த எண்களை வைத்துக்கொண்டு, நான் ஏசாமல் இருப்பதற்காக, என் பிள்ளை இருட்டில் நடந்திருக்கிறாள். உள்ளே கொண்டுபோய் விளக்கைக் கிட்டப் பிடித்துக் கண்ணைப் பார்த்தேன். கண் வெள்ளையில் ஓரமாகச் சோப்பு நுரை காய்ந்தது போல ஒரு புள்ளி இருந்தது. மற்றக் கண்ணிலும் இருந்தது. மூன்றாம் வகுப்பில் அவள் எனக்கு முன்னால் மூன்றாவது வாங்கில் இருக்கிறவள். தினமும் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த நாள் விடிய அவளைக் கூட்டிக்கொண்டு இரத்தினம்மாவின் அறைக்குப் போனேன். அவள் மெசினில் இருந்தாள். எழும்பவில்லை. பிள்ளையின் நெற்றியில் கட்டியிருந்த துணியைப் பார்த்ததும் எழும்பி வந்து அவளை மடியில் இழுத்து இமையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இப்பதான் கேக்க வந்தனீரோ?" என்றாள் என்னிடம்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" அழுகையோடுதான் கேட்டேன், ஆனால் அப்போதும் கோபம் அவள்மேல்தான்.

"நவராத்திரிக்குக் கும்மி பழக்கேக்கை பொழுதுபட்டிட்டுது. உம்மடை பிள்ளை வட்டத்தை விட்டிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு நிண்டது. நான் பிடிச்சுக் கேட்டன். அம்மாவுக்குச் சொல்லவேண்டாமெண்டு காலைப் பிடிச்சு அழுதிட்டுது." பிள்ளையின் நெற்றித் துணியை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "ஆனா நான் வந்து சொல்லியிருக்கவேணும். அது என்ரை பிழைதான். பிள்ளை கெஞ்சினது ஒரு சாட்டு. உம்மடை பிள்ளை உமக்குச் சொல்லாததை எனக்குச் சொன்னது எனக்குப் பெரிய சந்தோசமாப் போச்சுது. என்னட்டை என்ன இருக்கு, செல்வநாயகி? உம்மட்டை இது இருக்கு" என்றாள்.

அவளுக்கும் என்மேல் பொறாமை இருந்திருக்கிறது. அதைக் கேட்டபோது, பிள்ளையின் கண் போகிற நேரத்திலும், எனக்கு ஒரு சிறு நிம்மதி வந்தது. என் குணம் அப்படி.

அவளிடம் எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை. ஒரு போத்தல்கூட ஒளிக்காமல் திருப்பி அனுப்பியிருந்தாள். அன்றைக்கே சுன்னாகத்தில் ரெயில் ஏறி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அவளும் வந்தாள். அங்கே கண்ணைப் பார்த்த டாக்குத்தர், இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் கருவிழி இளகியிருக்கும், பிறகு பகலும் இரவுதான் என்றார். எண்ணெய் தந்தார். பத்தியத்தை நிறுத்தி முருங்கையிலையும் பப்பாப்பழமும் கொடுக்கச் சொன்னார். முதல் கரண்டியை என் கையால் என் பிள்ளையின் வாயில் ஊற்றினேன். சைவம் எனக்கு அப்போது நினைவுக்கும் வரவில்லை.

பத்தாம் நாள் பொழுதுபட்ட நேரம் வாசலில் இருந்தவள், "அம்மா, வௌவால் போகுது" என்று கையைக் காட்டினாள். நான் உள்ளே போய் அழுதேன்.

ரெயிலில் திரும்பி வரும்போது இரத்தினம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். "எனக்கு மன்னிப்பொண்டும் வேண்டாம். மனேச்சரிட்டைப் போய் அந்த வெள்ளிக்கிழமைக் கதை பொய்யெண்டு சொல்லும். நாப்பது பிள்ளையள் இருக்குதுகள். என்ரை பேரும் இருக்கு."

போனேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கொடுத்தேன். கண் தெரியாமல் போனது என் பிள்ளைக்குத்தான் என்று சொன்னேன். எண்ணெய் மறுபடி தொடங்கவேண்டும் என்று கும்பிட்டேன். பொன்னம்பலத்தார் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"சரி. தொடங்குவம். ஆனா அந்த மனுசி வேண்டாம். வெள்ளிக்கிழமையெண்டும் பாராமல் குடுத்த கை. நீர் குடும்" என்றார்.

சொல்லவேண்டிய இடம் அது. சொன்னால் பயிற்சி பெற்ற ரீச்சர் பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். வேலை போகலாம். அதற்கு மேலே, அந்த வரிசை என் முன்னால் நிற்கப்போகிறது. ஆறு வருடம் நான் எரிந்து எரிந்து பார்த்த வரிசை. "ஓம் ஐயா" என்றேன்.

வெளியே ஒழுங்கையில் இரத்தினம்மா நின்றாள். "சொன்னனீரோ?" என்று கேட்டாள்.

ஓம் என்று தலையை ஆட்டினேன். எண்ணெயை இனி என்னைக் கொடுக்கச் சொன்னதையும் சொன்னேன்.

"பிறகும் அவர் நம்பேல்லையாக்கும்" என்றாள். திரும்பி நடந்துபோய்விட்டாள். அவள் மனேச்சர்மேல் மனவருத்தத்தோடு செத்திருப்பாள். அந்த வருத்தம் என்மேல் வந்திருக்கவேண்டும்.

நாலு வருடம் நான் எண்ணெய் கொடுத்தேன். திங்கள் தொடக்கம் வியாழன் வரை, பூவரச நிழலில், ஒருநாளும் தவறவில்லை. ஐம்பத்துமூன்று பிள்ளைகள் வரை வந்தார்கள். மாலைக்கண் இருந்த எல்லோருக்கும் சுகம் வந்தது. பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற டாக்குத்தர் மறுபடி வந்து என் பெயரையும் தன் புத்தகத்தில் எழுதினார். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்குவார்கள், வாய் கொப்பளிப்பார்கள், பிறகு ஒரே ஓட்டமாகத் தையல் அறை யன்னலுக்கு ஓடுவார்கள். அங்கே இரத்தினம்மா கம்பிக்குள்ளால் ஆளுக்கொரு துண்டு பனங்கட்டி நீட்டுவாள். அதற்குத் தடை எழுத மனேச்சருக்கு நினைவு வரவில்லை. எண்ணெய் என் கையில், இனிப்பு அவள் கையில். ஒரு பிள்ளையாவது எனக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நிற்காதா என்று பார்ப்பேன். குணலட்சுமியும் ஓடுவாள்.

போன மாதம் செத்த வீட்டில் பிணத்தைக் கூடத்தில் வளர்த்திக் கிடத்தியிருந்தார்கள். முற்றத்துப் பந்தலுக்குள் ஆண்கள் இருந்தார்கள். பெண்கள் உள்ளே அழுதார்கள். குணலட்சுமிக்கு இப்போது பதின்மூன்று வயது. பிணத்தின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையைப் பார்த்து, சொந்தத் தாய்க்குக்கூட இப்படி அழமாட்டாள் என்று ஒருத்தி சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். காற்றுப் படட்டும் என்று மகளைக் கையில் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தேன்.

பந்தலில் பொன்னம்பலத்தார் கதிரையில் இருந்து நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "நல்ல மனுசி. பிள்ளையளுக்காக உழைச்சது. அந்த வெள்ளிக்கிழமை மச்சம் குடுத்த பிழை ஒண்டுதான்."

குணலட்சுமி அழுகையை நிறுத்தினாள்.

"அவ வெள்ளிக்கிழமை தரேல்லை ஐயா" என்றாள். பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே பேசாத பிள்ளை. "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகேக்கை கண் தெரியவேணுமெண்டு நான் கெஞ்சினனான். இண்டைக்கு மச்சம் தரமாட்டன், திங்கட்கிழமை வா எண்டு திருப்பி அனுப்பினவ. ஆர் உங்களுக்கு அப்பிடிச் சொன்னது?"

பொன்னம்பலத்தார் என்னைப் பார்த்தார். பந்தலில் இருந்தவர்களும் பார்த்தார்கள். மகளும் திரும்பி என்னைப் பார்த்தாள். எண்ணெய் குடித்துத் தெளிந்த கண். அதில் இப்போது ஒரு புள்ளியும் இல்லை.

"நான்தான் சொன்னனான்" என்றேன். "அவ குடுக்கேல்லை. நான் சேர்த்துச் சொன்னனான்."

குணலட்சுமி ஏசவில்லை. என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெண்களை விலக்கிக்கொண்டு போய் இரத்தினம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவளுடைய நரைத்த மயிரை விரலால் ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். பாடை தூக்கும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, எல்லாம் சொல்லி முடித்த பிறகும், அந்தச் செத்தவள்மேல் எரிச்சல்தான் வந்தது.